முப்பத்தொன்றாவது குழி

எர்சுரூமில் பிப்ரவரி.
ஆய்வகச் சன்னல் உட்புறமே உறைந்துகிடக்கிறது.
இரவு இரண்டே காலுக்கு வந்த குழாயில்
அரை மில்லி.
தண்ணீர் என்றுதான் தோன்றும்,
மூளையைச் சுற்றி ஓடியது என்று
யாரும் சொல்லாவிட்டால்.

தாளில்: ஆண், பத்தொன்பது மாதம்,
காய்ச்சல் முப்பத்தொன்பது புள்ளி ஆறு,
வலிப்பு ஏறத்தாழ நான்கு நிமிடம்.
அந்த 'ஏறத்தாழ' தாயின் சொல்.
மற்றதெல்லாம் மருத்துவர் டோல்கா.

மூளைக்காய்ச்சல் இல்லை,
முதல் சொட்டுகளே சொல்லிவிட்டன.
மிச்சம் எனக்கு.
கிளறிவிடும் குளூட்டமேட் எவ்வளவு,
அமர்த்தும் காபா எவ்வளவு,
நரம்பணு நொறுங்கினால் வெளியே கசியும்
எனோலேஸ் எவ்வளவு.
பூட்டிய வீட்டு வாசலில்
சிந்திக் கிடப்பதைப் பார்த்து
உள்ளே நடந்ததைச் சொல்லும் பிழைப்பு.

இதுவரை முப்பது பிள்ளைகள்.
ஒருவருக்கும் எனோலேஸ் ஏறவில்லை.
காற்று அத்தனை அடித்தும்
ஓர் ஓடுகூடப் பெயரவில்லை.
முப்பது போதாது என்கிறார் டோல்கா,
அறுபது வேண்டுமாம்.
அதாவது இன்னும் முப்பது வீடுகளில்
நள்ளிரவில் விளக்கைப் போட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வரிசை உண்டு,
காய்ச்சல் வந்தும் வலிப்பு வராதவர்கள்.
'இயல்பு' என்று சீட்டு ஒட்டியவள் நான்தான்.
பிறகுதான் உறைத்தது:
நலமாயிருக்கும் பிள்ளையின் முதுகில்
எவர் ஊசி ஏற்றுவார்?
கழுத்து விறைத்ததோ, கண் சொருகியதோ,
அவர்களையும் ஏதோ ஒரு பயம்தான்
தூக்கி வந்திருக்கிறது.

சுழற்றி எடுத்தேன்.
அடியில் கடுகளவு சிவப்பு.
மேல்நீரிலும் லேசாக ரோஜா நிறம்.
ஊசி போன வழியில் கீறிய ரத்தம், வேறொன்றுமில்லை.
ஆனால் சிவப்பணுவுக்குள்ளும் எனோலேஸ் உண்டு.
உடையாத மூளையை உடைந்ததென்று
கருவி சத்தியம் செய்யும்.
தள்ளிவிடு, என்கிறது நெறிமுறை.

ஒப்புதல் தாளைக் கோப்பில் சேர்க்கக் கீழே போனேன்.
செவிலாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் அல்பெரன், வாய் திறந்த தூக்கம்.
யாவுஸ் ஈரச் சட்டையோடு நின்றான்.
முற்றத்துப் பனியை வாரிப் பிள்ளைமேல் போட்டானாம்.
"செத்துவிட்டான் என்றே நினைத்தேன்" என்றான்,
நினைத்ததற்கு வெட்கப்பட்டுச் சிரித்தான்.
அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள்.

இது சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கவ்வித்
தேநீர் குடிக்கும் ஊர்.
கலக்கக் கரண்டி வேண்டாம் எங்களுக்கு.
இது சூப் ஊட்டும் சின்னக் கரண்டி.
பல்லிடையில் வை என்று மாடியிலிருந்து கத்தினார்களாம்.
வைத்தாள், பாதியில் பிடுங்கிவிட்டாள்.
"அதனால் ஏதாவது ஆகியிருந்தால்
அந்தத் தண்ணீரில் தெரியுமா?"

தெரியாது.
கரண்டி தெரியாது, பனி தெரியாது,
நான்கு நிமிடம்தானா என்பதும் தெரியாது.
இன்னொரு முறை வந்தால்
ஒருக்களித்துக் கிடத்துங்கள்,
வாயில் எதுவும் வேண்டாம் என்றேன்.
அதைச் சொல்வது என் வேலையில்லை.
குழாயில் ரத்தம் கலந்துவிட்டதையும் சொன்னேன்.
"அப்படியானால் குத்தியது வீணா?"
வீணில்லை என்றேன்,
முதல் சொட்டுகளைப் பற்றிச் சொன்னேன்.
தலையாட்டினாள். கேட்டாளா, தெரியவில்லை.

மேலே வந்து
மைனஸ் எண்பதின் கதவைத் திறந்தேன்.
பெட்டியில் முப்பதுக்கு அடுத்த குழியைக்
காலியாகவே விட்டேன்.
எண்ணை நகர்த்து என்பார் டோல்கா. சொல்லட்டும்.

காலை ஏழுக்கு நாற்காலியில் கரண்டி மட்டும் இருந்தது.
விளிம்பில் பல் பட்ட தடம்போல ஒன்று,
பழைய கீறலாகவும் இருக்கலாம்.
கழுவித் துடைத்து வரவேற்பில் கொடுத்தேன்:
அல்பெரன் என்ற பிள்ளையினுடையது,
தேடி வருவார்கள்.
எண் என்ன என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.
எண் இல்லை என்றேன்.